பதினோரு கரும்பு

20 ஜனவரி, திங்கள்

பொங்கலுக்கு உரக்கடைக்காரர் கொடுத்த டைரி இது. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் ஒரு பூச்சிமருந்து விளம்பரம் இருக்கிறது. இன்றைக்குத் தண்டுத்துளைப்பான். போன வருஷ டைரியில் என் மனைவி மலர்க்கொடி மார்கழிக் கோலங்களைப் போட்டுப் பார்த்தே தீர்த்துவிட்டாள். இந்த வருஷமாவது நான் எழுதலாம் என்று எடுத்திருக்கிறேன்.

இரண்டு செய்திகள். ஒன்று, என் விசிலைக் காணவில்லை. சாதாரண விசில் இல்லை, எவர்சில்வர். மாவட்டக் கபடிப் போட்டிக்கு நடுவராகப் போனபோது கொடுத்தது. பியூன் கோவிந்தன்மேல்தான் சந்தேகம். பேரனுக்கு எடுத்துப்போயிருப்பார்.

இரண்டு, தலைமையாசிரியர் ஆதிமூலம் என்னைக் கூப்பிட்டு, 'ஆபத்தான விளையாட்டுகள் தடுப்புக் குழு' ஒன்று அமைத்திருப்பதாகவும் நான்தான் அதற்கு ஒருங்கிணைப்பாளர் என்றும் சொன்னார். குழுவில் வேறு யார் யார் என்று கேட்டேன். "மொதல்ல நீங்க ஆரம்பிங்க தனகோட்டி" என்றார். பி.டி. வாத்தியாருக்கு வேலையே கிடையாது என்பது இந்தப் பள்ளியில் அனைவரும் ஒருமனதாக ஒப்புக்கொண்ட விஷயம். உண்மையும் அதுதான். என்னுடைய எட்டாவது பீரியடைக் கணக்கு ஜெசிந்தா டீச்சர் ஜூன் மாதமே எடுத்துக்கொண்டார். போர்ஷன் முடிக்க வேண்டுமாம். ஏழு மாதமாக முடித்துக்கொண்டே இருக்கிறார்.

விஷயம் இதுதான். ஊர் சர்க்கரை ஆலையில் இப்போது அரவைக் காலம். பள்ளி விடும் நேரத்துக்குக் கரும்பு டிராக்டர்கள் வரிசையாக வரும். பையன்கள் சைக்கிளில் டிரெய்லரை ஒட்டியே போய், ஒரு கையால் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் கரும்பை உருவுகிறார்கள். மாரியம்மன் கோயில் வளைவில் ஆரம்பித்து மதகு வருவதற்குள் எத்தனை உருவினான் என்பது கணக்கு. 'உருவல்' என்று பெயர்கூட வைத்துவிட்டார்கள். டிராக்டர் டிரைவர் ஒருவர் ஸ்கூலுக்கே வந்து கத்திவிட்டுப் போயிருக்கிறார்.

21 ஜனவரி, செவ்வாய்

சாயங்காலம் நேரில் பார்க்கப் போனேன். கோயில் வளைவுக்கு முன்னாலேயே ஒரு டிராக்டர் எதிரே வந்தது. ஸ்கூட்டரை ஓரம்கட்டி, இறங்கி, மரத்துக்குப் பின்னால் நின்றேன். கரும்புச் சோகைத் தூசி நுரையீரலுக்கு நல்லதில்லை. ஒன்றன்பின் ஒன்றாக டிராக்டர்கள் வந்துகொண்டே இருந்ததால் தூசி அடங்கவே இல்லை. எல்லாம் போன பிறகு வளைவுக்குப் போனால், பையன்கள் உத்தமர்களாகக் கரும்பு கடித்துக்கொண்டு நின்றார்கள். "வணக்கம் சார்" என்றார்கள்.

பூமிகாவும் தாமதமாகத்தான் வீட்டுக்கு வந்தாள். ஜெசிந்தா டீச்சர் ஸ்பெஷல் கிளாஸ் வைக்கிறாராம். ஒன்பதாம் வகுப்பிலேயே இந்தப் பொறுப்பு. என் மகள் என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள்.

24 ஜனவரி, வெள்ளி

இன்று என் நாள்.

காலை பிரேயரில் குழுவின் சார்பாகப் பேசினேன். குழு என்பது இன்னும் நான் மட்டும்தான். 'கண்ணே மணியே, கவனமாக இருங்கள்' என்று ஆரம்பித்தால் இந்தக் காலத்துப் பிள்ளைகள் கொட்டாவி விடும். அதனால் அவர்கள் வழியிலேயே போனேன்.

"டேய், நீங்கள்லாம் என்னடா உருவறீங்க? ஆறு உருவினாப் பெரிய ஆளா? உங்க வயசுல நான் ஒரே ஓட்டத்துல பதினோரு கரும்பு உருவினவன். இதே கோயில் வளைவு, இதே மதகு. ஆனா அது எவ்வளவு ஆபத்துன்னு இன்னிக்கு நெனச்சாலும் ஒடம்பு நடுங்குது. அதனால சொல்றேன், வேண்டாம்."

கைதட்டல் என்றால் அப்படி ஒரு கைதட்டல். பத்தாம் வகுப்பு மோனிஷ் விசிலடித்தான். தலைமையாசிரியரே, "பசங்க மனசப் புடிச்சிட்டீங்க தனகோட்டி" என்றார். இந்தப் பள்ளிக்கு வந்த பதினெட்டு வருஷத்தில் எனக்குக் கிடைத்த முதல் கைதட்டல்.

ராத்திரி சாப்பிடும்போது பூமிகா தட்டைத் தள்ளிவைத்துவிட்டு என்னையே பார்த்தாள். "அப்பா, நெஜமாவே பதினொண்ணா?"

"பின்ன?"

அவள் என்னை அப்படிப் பார்த்து ஆறேழு வருஷம் இருக்கும். மலர்க்கொடி மோர் ஊற்றிக்கொண்டே சிரித்தாள். அவள் என் அத்தை மகள், நானும் அவளும் ஒரே தெருவில் வளர்ந்தவர்கள். எதற்குச் சிரித்தாள் என்று நான் கேட்கவில்லை.

26 ஜனவரி, ஞாயிறு

கொடி பாதியில் சிக்கிக்கொண்டது. புது பிளாஸ்டிக் விசிலை ஊதினேன், குழந்தை செருப்பு மாதிரி கீச்சென்றது. லட்டு சுமார்.

30 ஜனவரி, வியாழன்

பெற்றோர் கூட்டம். உருவலின் ஆபத்தைச் சொல்லி, வீட்டில் கண்டிக்கச் சொல்வதாகத் திட்டம். நானும் ஒழுங்காகத்தான் ஆரம்பித்தேன்.

மோனிஷின் அப்பா வீரபத்திரன் எழுந்தார். வெல்டிங் பட்டறை வைத்திருப்பவர், குரலும் பட்டறைக் குரல்தான். "சார், இவனுங்க உருவறது ஒரு உருவலா? ரோடு இப்ப தார் ரோடு. நாங்க மண் ரோட்டுல, டபுள் டிரெய்லர்ல, எட்டு உருவியிருக்கோம்!"

பின்வரிசையில் ஒருவர், "எட்டா? நான் ஒம்பது" என்றார். இன்னொருவர் மாட்டுவண்டிக் காலத்துக்கே போய்விட்டார். ஓடுகிற மாட்டுவண்டியில் உருவுவது எவ்வளவு கஷ்டம் என்று அரைமணி நேரம் விவாதம் நடந்தது. மாட்டுவண்டி எங்கே ஓடியது என்று யாரும் கேட்கவில்லை. அம்மாக்கள் மட்டும் வாயே திறக்காமல் உட்கார்ந்திருந்தார்கள். கடைசியில் வீரபத்திரன் என் கையைப் பிடித்துக் குலுக்கி, "பதினொண்ணுன்னு பையன் சொன்னான் சார். தெய்வம் சார் நீங்க" என்றார்.

கூட்டம் இனிதே நிறைவுற்றது. தீர்மானம் எதுவும் இல்லை.

வீட்டில் மலர்க்கொடியிடம் இதைச் சொன்னபோது, "தெய்வமா? புளியமரம்" என்றாள். கோபம் வந்தால் அவள் என்னைச் சொல்லும் பழைய வார்த்தை அது. இங்கே அதற்கு விளக்கம் தேவையில்லை.

3 பிப்ரவரி, திங்கள்

புது யோசனை. கரும்புக்காகத்தானே உருவுகிறார்கள்? கரும்பையே கொடுத்துவிட்டால்? ஒரு விவசாயியிடம் கெஞ்சி, ஒரு கட்டு வாங்கிப் பள்ளி வாசலில் சாத்தி, 'இலவசம்' என்று எழுதிவைத்தேன். ஒரு பையன்கூடத் தொடவில்லை. சாயங்காலத்துக்குள் ஆசிரியர்கள் முடித்துவிட்டார்கள்.

ஜெசிந்தா டீச்சர் கரும்பைக் கடித்துக்கொண்டே நின்றார். நன்றி சொல்லலாம் என்று, "பூமிகாவுக்கு ஸ்பெஷல் கிளாஸ் எடுக்கறீங்களாமே, டீச்சர்" என்றேன்.

"ஸ்பெஷல் கிளாஸா? மணி அடிச்சதும் நான் பஸ் ஏறிடுவேன் சார்."

டீச்சருக்கு வேலை அதிகம். ஞாபகமறதி வந்துவிட்டது, பாவம்.

5 பிப்ரவரி, புதன்

அந்த டிராக்டர் டிரைவர் மறுபடி வந்தார். இந்தமுறை நேராக என்னிடமே.

"சார், முன்னல்லாம் ரெண்டு மூணு பேரு சும்மா கைய வைப்பானுங்க. இப்ப வளைவுல லைன் கட்டி நிக்கறானுங்க. ஒவ்வொருத்தனா விட்டு ஆட்டம் நடக்குது. விசில் ஊதி ஆரம்பிக்கறாங்க சார்!"

"யாரு ஊதறது?"

"ஒரு பொம்பளப் புள்ள. மதகு மேல ஒக்காந்திருக்குது. ரெட்டச் சடை."

பள்ளியில் பெண் பிள்ளைகள் எத்தனையோ பேர். எல்லோருக்கும் ரெட்டைச் சடை கட்டாயம். தகவல் இன்னும் உறுதியாகாததால் குழுவில் வைக்கவில்லை.

6 பிப்ரவரி, வியாழன்

பேனா தேடிப் பூமிகாவின் பையைத் திறந்தேன். பேனா கிடைத்தது.

7 பிப்ரவரி, வெள்ளி

எவர்சில்வர் விசில்கள் கடையில் நிறையவே விற்கிறார்கள். கோவிந்தனிடம் மன்னிப்புக் கேட்டேன். எதற்கு என்று அவருக்கும் தெரியவில்லை. டீ வாங்கிக் கொடுத்தேன்.

நாளைக்குப் பூமிகாவிடம் பேச வேண்டும்.

8 பிப்ரவரி, சனி

பேசவில்லை. ரேஷன் கடையில் கூட்டம்.

11 பிப்ரவரி, செவ்வாய்

மோனிஷ் விழுந்துவிட்டான்.

கோவிந்தன்தான் மூச்சிரைக்க ஓடிவந்து சொன்னார். நான் போனபோது ஆம்புலன்ஸ் கிளம்பியிருந்தது. மதகுக்குப் பத்தடி முன்னால் சைக்கிள் கிடந்தது. அதைச் சைக்கிள் என்று சொல்ல முடியாது. பின்டிரெய்லரின் சக்கரம் ஏறி, அப்பளமாகத் தட்டையாகக் கிடந்தது. பையன் ஒரு முழம் இந்தப் பக்கம் விழுந்திருந்தால்... இந்த வாக்கியத்தை முடிக்க எனக்குத் தைரியமில்லை.

அரசு ஆஸ்பத்திரிக்குப் போனேன். தோள்பட்டை எலும்பு முறிவு, முழங்கையில் தையல். வீரபத்திரன் சுவரோரமாகத் தரையில் உட்கார்ந்திருந்தார். பட்டறைக் குரல் இல்லை. மோனிஷ் என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தான்.

"பத்து சார். பதினொண்ணாவது கைல வந்துடிச்சி. உருவி முடிக்கறதுக்குள்ள சைக்கிள் சாஞ்சிடிச்சி சார். உங்க ரெக்கார்டத் தொட்டிருப்பேன்."

அவனைப் பிடித்துப் படுக்கவைத்தேன்.

"கைல வந்தது கணக்குல வருமா சார்?"

வெளியே வந்து ஸ்கூட்டர் சாவியை வெகுநேரம் தேடினேன். சாவி ஸ்கூட்டரிலேயே இருந்தது.

12 பிப்ரவரி, புதன்

பூமிகா நேற்றிலிருந்து சாப்பிடவில்லை. பள்ளிக்கும் போகவில்லை. சாயங்காலம் நான் வந்ததும், கேட்காமலேயே விசிலைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள்.

"நான்தான் எடுத்தேன். நான்தான் அம்பயர்."

"தெரியும்" என்றேன். தெரியும் என்று சொன்ன பிறகுதான், தெரிந்தும் ஏன் சும்மா இருந்தேன் என்ற கேள்வி எனக்கே வந்தது. நல்லவேளையாக அவள் கேட்கவில்லை.

அழுதுகொண்டே சொன்னாள். டிசம்பரில் ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன் டிரெய்லருக்கு அடியில் போகப் பார்த்தானாம். சொன்னால் யாரும் கேட்கவில்லை. அதனால் விதி போட்டாள். "எட்டாவதுக்குக் கீழ கூடாது. பிரேக் இல்லாத சைக்கிள் கூடாது. ஒரு நேரத்துல ஒருத்தர்தான். ஈர ரோட்டுல கூடாது. விசில் ஊதினா உடனே நிறுத்திடணும். நீதானப்பா சொல்லுவ, ரூல் இல்லாதப்பதான் அடிபடும்னு!"

சொல்லியிருக்கிறேன். நூறு தடவை சொல்லியிருப்பேன். மாவட்டப் போட்டியில்கூட இவ்வளவு ஒழுங்கான விதிகளை நான் பார்த்ததில்லை. ஒரு நிமிஷம் எனக்குப் பெருமையாக இருந்தது. அதை இங்கே எழுதும்போது என்மேலேயே எரிச்சல் வருகிறது. ரெண்டு பேர் கை வைத்த சேட்டை, விதி வந்ததும் போட்டியாகிவிட்டது. விசில் வந்ததும் வரிசை வந்துவிட்டது.

"அப்பயும் ஆறுக்கு மேல யாரும் போனதில்ல" என்றாள். "ஆறு வந்தா விட்டுடுவாங்க. நீ பேசின பிறகுதான் எல்லாரும் பதினொண்ணு பதினொண்ணுன்னு..."

சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றது. மலர்க்கொடி வாசற்படியில் வந்து நின்றாள்.

"நீங்க சொல்றீங்களா மாமா, நான் சொல்லட்டுமா?"

ஸ்கூட்டருக்குப் பெட்ரோல் போட வேண்டும் என்று எழுந்தேன். அவள் வழிவிடவில்லை.

சொன்னேன். நான் ஒரு கரும்புகூட உருவியதில்லை. டிராக்டர் சத்தம் கேட்டாலே சைக்கிளைப் போட்டுவிட்டு ரோட்டோரப் புளியமரத்தைக் கட்டிப்பிடித்துக்கொள்வேன். ஊரில் என் பெயரே அதுதான். பத்தாம் வகுப்பு முடியும் வரைக்கும் தனகோட்டி என்று ஒருத்தனும் கூப்பிட்டதில்லை.

பூமிகா அழுகையை நிறுத்திவிட்டாள். அழுதிருந்தால் தேவலை.

"அப்ப மோனிஷ் எதுக்குப்பா விழுந்தான்?"

13 பிப்ரவரி, வியாழன்

குழுக் கூட்டம். இப்போது குழுவில் எல்லோரும் இருக்கிறார்கள். தலைமையாசிரியர் பெரிய பேனர் வைக்கலாம் என்றார். பேனரில் உருவல் படத்தைப் போட்டு அதன்மேல் சிவப்பில் பெருக்கல் குறி. அது ஆறாம் வகுப்புக்கும் சொல்லிக்கொடுத்தது மாதிரி ஆகிவிடும் என்றேன். "விசில் ஊதின பொண்ணு யாருன்னு கண்டுபுடிச்சி டி.சி. குடுத்துடலாம்" என்றார் ஜெசிந்தா டீச்சர். எல்லோரும் தலையாட்டினார்கள்.

"அது என் பொண்ணு" என்றேன்.

ஜெசிந்தா டீச்சர் தண்ணீர் பாட்டிலைத் திறந்து குடித்துவிட்டு, அதே மூடியை ரெண்டு தடவை மூடினார். நாளைக்குப் பிரேயரில் ஐந்து நிமிஷம் வேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொண்டேன். போன தடவை நன்றாகப் பேசினேன் என்பதால் தலைமையாசிரியர் உடனே சரி என்றார்.

14 பிப்ரவரி, வெள்ளி

மைக் எதிரில் நின்றேன். வேஷ்டி கட்டியிருந்தால் அவிழ்ந்திருக்கும். நல்லவேளை, பேண்ட்.

"போன தடவ பதினோரு கரும்பு உருவினேன்னு சொன்னேன். பொய். நான் ஒண்ணு கூட உருவினதில்ல. எனக்கு டிராக்டர்னா பயம். இப்பவும் பயம்தான். சின்ன வயசுல சத்தம் கேட்டா புளியமரத்தக் கட்டிப் புடிச்சிக்குவேன். ஒரு தடவ டவுசர் நனஞ்சிடிச்சி. ஊர்ல என் பேரே புளியமரம்."

முதலில் ஒரு ஏழாம் வகுப்புப் பொடியன் சிரித்தான். பிறகு மொத்தப் பள்ளியும் சிரித்தது. அரைமணி நேரம் என்று எனக்குத் தோன்றியது, அரை நிமிஷம் இருக்கலாம். பியூன் கோவிந்தன் மணிக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். இந்த இடத்தில் சொல்வதற்கு ராத்திரி முழுக்க யோசித்து, உயிரின் மதிப்பைப் பற்றி உருக்கமான ஒரு கருத்து வைத்திருந்தேன். யாரும் கேட்கவில்லை.

சிரிப்பு அடங்குவதற்குள் ஒன்பதாம் வகுப்பு வரிசையிலிருந்து பூமிகா நடந்துவந்தாள். நான் கூப்பிடவில்லை. மேடை ஏறி மைக்கைத் தன் உயரத்துக்கு இறக்கினாள்.

"மதகுல அம்பயரா இருந்தது நான்தான்" என்றாள். "தீர்ப்பு சொல்றேன். பி.டி. சார், பூஜ்யம். மோனிஷ் கைல வந்தது கணக்குல வராது. மத்ததும் வராது. நான் போட்ட ரூலெல்லாம் இருந்தும் அவன் விழுந்தான். அப்ப அந்த ரூல் ரூலே இல்ல. ரெக்கார்டுன்னு ஒண்ணும் கெடையாது. ஆட்டம் முடிஞ்சிது."

பிறகு என் சட்டைப் பையிலிருந்த எவர்சில்வர் விசிலை எடுத்து ஊதினாள். ஆட்டம் முடியும்போது ஊதுகிற நீளமான விசில். மூச்சு தீரும்வரை ஊதினாள்.

ஒரு சத்தம் இல்லை. பதினெட்டு வருஷமாக இதே மைதானத்தில் விசில் ஊதுகிறேன். எனக்கு ஒருத்தனும் இப்படி நின்றதில்லை.

17 பிப்ரவரி, திங்கள்

பூமிகாவுக்குத் தண்டனை: பெற்றோரை அழைத்து வர வேண்டும். எனவே இன்று காலை நான் தலைமையாசிரியர் அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். கோவிந்தன் வந்து, "சார், உள்ள இருந்து உள்ளயே வந்திருக்கீங்களா?" என்றார். உள்ளே போனதும் தலைமையாசிரியர், "உங்க பொண்ண நீங்க சரியா கவனிக்கறதில்ல" என்றார். ஆமாம் சார் என்றேன். வேறு என்ன சொல்வது?

வந்ததற்கு எட்டாவது பீரியடைத் திருப்பிக் கேட்டேன். டிராக்டர்கள் போய் முடிகிறவரை பிள்ளைகளை மைதானத்திலேயே கபடி ஆடவைக்கிறேன் என்றேன். அங்கே இருந்த ஜெசிந்தா டீச்சர் போர்ஷன் என்று வாயைத் திறந்தார். பிறகு என்ன நினைத்தாரோ, "எடுத்துக்கோங்க சார்" என்றார். அவர் பையனும் இங்கேதான் எட்டாம் வகுப்பு.

24 பிப்ரவரி, திங்கள்

மோனிஷ் கையைக் கழுத்தில் தொங்கும் துணிக்கட்டில் மாட்டிக்கொண்டு பள்ளிக்கு வந்தான். அவனுக்குக் கபடியில் ஸ்கோர் சொல்லும் வேலை. தனக்குப் பிடித்த பக்கத்துக்குக் கூட்டித்தான் சொல்கிறான்.

வீரபத்திரன் அவனைக் கொண்டுவந்து விட்டதும் போகாமல் சைக்கிள் ஷெட்டுக்குப் பின்னால் என்னைத் தள்ளிக்கொண்டு போனார்.

"சார், கூட்டத்துல எட்டுன்னு சொன்னேனே..."

"ஆமா."

"ரெண்டு சார். அதுவும் நின்ன வண்டியில."

"பையன்கிட்ட சொன்னீங்களா?"

"அவங்கிட்ட எப்படி சார்..." என்று தலையைச் சொறிந்தார்.

"போய்ச் சொல்லுங்க. டவுசர் நனைஞ்ச கதைய முன்னூறு பேருக்கு முன்னாடி நான் சொல்லியிருக்கேன். உங்களுது ஒரே ஆளு."

போனார். தூரத்திலிருந்து பார்த்தேன். அப்பா குனிந்து சொன்னார், மகன் நிமிர்ந்து பார்த்தான். பிறகு கட்டுப்போட்ட தோள் வலிக்க வலிக்கச் சிரித்தான்.

ஆட்டம் முடிந்து கிளம்பப் பொழுது சாய்ந்துவிட்டது. பூமிகா என் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்திருந்தாள். பன்னிரண்டு நாளாகத் தேவைக்கு மேல் ஒரு வார்த்தை என்னிடம் பேசுவதில்லை. எனக்கு அது வலிக்கிறது. கோயில் வளைவில், தாமதமாக வந்த கடைசி டிராக்டர் ஒன்று எதிரே வந்தது. வழக்கம்போல ஓரம்கட்டி, இறங்கி, மரத்தடியில் நின்றேன். இந்தமுறை தூசி என்று சொல்லவில்லை.

பூமிகாவும் இறங்கினாள். என் கையைப் பார்த்தாள். அதைப் பிடித்துக்கொண்டாள்.

பின்னால் சைக்கிளில் வந்த பத்தாம் வகுப்புப் பையன்கள் நால்வர் எங்களைப் பார்த்தார்கள், டிராக்டரைப் பார்த்தார்கள். ஒருத்தன் பிரேக் பிடித்து இறங்கினான். மற்றவர்களும் இறங்கினார்கள். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு மரத்தடிக்கு வந்தார்கள்.

"புளியமரம் சார், கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்றான் முதலில் வந்தவன். "எங்களுக்கும் எடம் வேணும்."

தள்ளி நின்றேன்.